பழைய விலங்கியல் மாதிரிகளை ஒழுங்குபடுத்துதல்: சீட்டுகளை மாற்றலாமா, எதிலிருந்து தொடங்குவது?

கேள்வி: ஆய்வகத்தார்

வணக்கம். நான் பணிபுரியும் கல்லூரியின் விலங்கியல் துறையில், பல தலைமுறை ஆசிரியர்கள் சேர்த்துவைத்த மாதிரிச் சேகரிப்பு ஒன்று உள்ளது. துறை புதிய கட்டடத்திற்கு மாறவிருப்பதால், அதற்குள் இதனை ஒழுங்குபடுத்தித் தரும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. மீன், தவளை, பாம்பு என்று சில நூறு குப்பிகள், ஊசியில் குத்திய பூச்சிகள் நிறைந்த மரப்பெட்டிகள், பாடம் செய்த பறவைத் தோல்கள், சில சிறு பாலூட்டிகள், மர அலமாரியின் இழுப்பறைகளில் சங்கும் சிப்பியும் இருக்கின்றன.

பல குப்பிகளில் திரவம் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. அது ஃபார்மலினா ஆல்கஹாலா என்று எதன்மேலும் எழுதப்படவில்லை. இரண்டு குப்பிகள் முற்றிலும் காய்ந்துவிட்டன. பூச்சிப் பெட்டிகளின் மூலைகளில் பாச்சை உருண்டைகள் போட்டிருக்கிறார்கள். ஆனாலும் ஒரு பெட்டியில் வண்ணத்துப்பூச்சியின் உடல் இருந்த இடத்தில் ஊசி மட்டும் நிற்கிறது, அதனடியில் பழுப்பு நிறத் தூள் சிறு குவியலாகக் கிடக்கிறது, சிறகுகள் தனியே விழுந்திருக்கின்றன. சங்குகள் சிலவற்றின் மேல் வெள்ளை மாவு பூத்திருக்கிறது. சில சீட்டுகளில் இடமும் தேதியும் உண்டு, சிலவற்றில் எண் மட்டுமே உண்டு. அந்த எண்களுக்குரிய பதிவேடும் கிடைத்துவிட்டது, ஆனால் அதன் முதல் சில பக்கங்களைக் காணவில்லை.

எல்லாச் சீட்டுகளையும் கணினியில் தட்டச்சு செய்து புதிதாக அச்சிட்டு ஒட்டிவிட்டு, பழையவற்றை அப்புறப்படுத்தி, ஒன்றிலிருந்து தொடங்கும் புதிய வரிசை எண்களைக் கொடுத்து, எக்செலில் ஒரு பட்டியல் தயாரிக்கலாம் என்பது என் திட்டம். பெயர் தெரியாதவற்றையும் பழுதடைந்தவற்றையும் இந்தச் சந்தர்ப்பத்திலேயே கழித்துவிடலாம் என்று துறையின் மூத்தவர் ஒருவர் கருதுகிறார். ஆய்வாளர்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிலைக்கு இந்தச் சேகரிப்பைக் கொண்டுவர வேண்டும் என்பதே நோக்கம். இத்துறையில் அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி: குப்பிக்காவலர்

சீட்டு, பதிவேடு பற்றி என்னைவிட நன்கு அறிந்தவர்கள் இங்கே எழுதுவார்கள் என்பதால், நான் பொருள்களின் நிலையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் உங்கள் பாதுகாப்பு. பறவை, பாலூட்டித் தோல்களின் உட்புறத்தில் ஆர்சனிக் கலந்த சோப்பைப் பூசும் முறையைப் பதினெட்டாம் நூற்றாண்டில் பிரான்சில் பெக்கூர் என்பவர் உருவாக்கினார். பூச்சி அரிக்காமல் தோல்கள் நின்றதால் அது உலகெங்கும் பரவி, இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை நீடித்தது. எனவே 1980க்கு முற்பட்ட எந்தத் தோலிலும் ஆர்சனிக் இருப்பதாகவே வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். கண்குழியிலோ கால்களின் அடியிலோ வயிற்றுத் தையலிலோ வெள்ளைப் பொடி தெரிந்தால் ஐயம் மேலும் வலுப்படும். தெரியாவிட்டால் நஞ்சு இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நைட்ரைல் கையுறையும் தனி மேலங்கியும் கட்டாயம். மாணவர்களிடம் தூரிகையைக் கொடுத்துத் தூசு தட்டச் சொல்வதுதான் இத்தகைய சேகரிப்புகளில் வழக்கமாக நடக்கும் பெருந்தவறு, அதை அனுமதிக்காதீர்கள். துறையில் பழைய உலர்தாவரத் தாள்களும் இருந்தால் அதே எச்சரிக்கை தேவை, ஏனெனில் அவற்றின்மேல் பாதரசக் குளோரைடு பூசும் வழக்கம் இருந்தது.

அடுத்து குப்பிகள். மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்து முடிவு செய்யும் பழைய பழக்கத்தை விட்டுவிடுங்கள். ஃபார்மலினிலுள்ள ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. நச்சு ஆவியை வெளியே இழுக்கும் ஆய்வகப் பெட்டிக்குள் (ஃபியூம் ஹுட்) வைத்துச் சிறிதளவு திரவத்தை எடுத்து அடர்த்தியை அளந்தால் ஓரளவு தெளிவு கிடைக்கும். மில்லிலிட்டருக்கு 0.89 கிராமுக்கு அருகில் இருந்தால் அது ஏறத்தாழ 70 சதவீத எத்தனால். 0.93 என்றால் ஆல்கஹால் 50 சதவீதத்திற்கு வலுவிழந்துவிட்டது. 1.0ஐச் சற்றே தாண்டினால் நீர்த்த ஃபார்மலினாக இருக்க வாய்ப்பு அதிகம். கலவைகள் இந்தக் கணக்கைக் குழப்பும் என்பதால், ஃபார்மால்டிஹைடைக் காட்டும் சோதனைத் தாளையும் உடன் பயன்படுத்துங்கள்.

திரவம் குறைந்த குப்பியில் 70 சதவீத ஆல்கஹாலை ஊற்றி நிரப்பினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆல்கஹால் தண்ணீரைவிட விரைவில் ஆவியாகும். பாதி இறங்கிய குப்பியில் மிஞ்சியிருப்பது 50 சதவீதமாகவோ அதற்கும் குறைவாகவோ இருக்கலாம், அதன்மேல் 70 சதவீதக் கரைசலை ஊற்றினால் கலவை ஒருபோதும் 70ஐ எட்டாது. அளந்து பார்த்து, குறைவுக்குத் தக்கபடி வலுவான எத்தனாலைச் சேர்ப்பதே முறை. ஃபார்மலினில் உள்ளவற்றைப் பொறுத்தவரை, ஃபார்மால்டிஹைடு காலப்போக்கில் ஃபார்மிக் அமிலமாக மாறிச் சுண்ணாம்புச் சத்தைக் கரைக்கும் என்பதால், மீன்களின் செவிக்கற்களும் சிற்றெலும்புகளும் முதலில் பாழாகும். அவற்றைத் தண்ணீரில் பலமுறை ஊறவைத்துக் கழுவி, 30, 50, 70 சதவீதம் என்று படிப்படியாக எத்தனாலுக்கு மாற்றலாம். தலைப்பிரட்டைகளை மட்டும் மாற்றாதீர்கள். அவை ஆல்கஹாலில் சுருங்கி உருக்குலையும், அமிலத்தன்மை நீக்கிய ஃபார்மலினே அவற்றுக்கு ஏற்றது. எதை எப்போது எதிலிருந்து எதற்கு மாற்றினீர்கள் என்பதைப் பட்டியலில் எழுதிவையுங்கள். ஃபார்மலினில் கிடந்த திசுவிலிருந்து மரபணுப் பொருளைப் பிரித்தெடுப்பது கடினம் என்பதால், பிற்காலத்தில் திசு கேட்டு வரும் ஆய்வாளர் முதலில் இந்தக் குறிப்பைத்தான் தேடுவார்.

குப்பியின் அடியில் தங்கியிருக்கும் கசடைக் கொட்டிவிடாதீர்கள். மங்கிய திரவத்தை வடிகட்டினால் உதிர்ந்த செதில், வயிற்றிலிருந்து வெளிவந்த இரை, ஒட்டுண்ணி, சில நேரங்களில் பாதி கரைந்த சீட்டின் துண்டுகூட அதில் கிடைக்கும். காய்ந்துபோன இரண்டிலும் திரவம் ஊற்ற அவசரப்பட வேண்டாம். காய்ந்த நிலையிலேயே மூடிவைத்து, அப்படியே பதிவு செய்யுங்கள்.

சங்குகளின் மேலுள்ள வெள்ளை மாவு, மர அலமாரியிலிருந்து வெளியேறும் அசிட்டிக் அமில ஆவி ஓட்டின் சுண்ணாம்போடு வினைபுரிவதால் உண்டாகும் உப்பாகவே பெரும்பாலும் இருக்கும். 1899இல் இதைப் பற்றி எழுதிய பைன் என்பவர் இது பாக்டீரியாவின் வேலை என்று கருதினார், ஆகவே இன்றும் இது பைன் நோய் என்றே அழைக்கப்படுகிறது. அவற்றைப் பூச்சிட்ட எஃகு அலமாரிக்கு மாற்றி, அமிலமற்ற அட்டைத் தட்டுகளில் வையுங்கள். ஈரப்பதம் கூடினால் வினை விரைவுபடும்.

மறுமொழி: ஊசிமுனை

அந்தப் பழுப்புத் தூள்தான் உங்கள் கடிதத்திலேயே அவசரமான செய்தி. அது அந்த்ரீனஸ் வகை வண்டுகளின் புழுக்கள் பூச்சியை உள்ளிருந்து தின்று வெளியேற்றிய கழிவு. உருப்பெருக்கி வைத்துப் பார்த்தால் சில மில்லிமீட்டர் நீளமுள்ள, மயிரடர்ந்த உதிர்தோல்களும் கிடைக்கும். பாச்சை உருண்டை இருந்தும் அவை பெருகியிருப்பதில் வியப்பில்லை, குடியேறிவிட்ட புழுக்களை நாப்தலின் நம்பத்தக்க வகையில் கொல்வதில்லை. அது தெர்மோகோல் தளத்தை இளக்கி ஒட்டச் செய்யும், மாதிரிகளின் மேல் படிகமாகப் படியும், திறப்பவரின் நுரையீரலுக்கும் நல்லதன்று. உருண்டைகளை எடுத்துவிடுங்கள்.

பாதிக்கப்பட்ட பெட்டியை இன்றே பாலித்தீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி மற்றவற்றிலிருந்து பிரித்து வைத்துவிட்டு, சுழியத்திற்குக் கீழ் 30 பாகையில் குறைந்தது மூன்று நாள்களோ, வீட்டு உறைபெட்டி போன்று 20 பாகை மட்டுமே எட்டுமானால் இரண்டு வாரங்களோ உறையவையுங்கள். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்கக் கூடாது. குளிர்ந்த பொருளின்மேல் காற்றின் ஈரம் படிந்து சிறகுகள் தொய்ந்துவிடும் என்பதால் ஒரு நாள் முழுவதும் அறை வெப்பத்திற்கு வர விடுங்கள். மற்றப் பெட்டிகளும் புதிய கட்டடத்திற்குள் நுழையும் முன் இதே வழியாகச் செல்லட்டும். அங்கே சன்னலோரங்களிலும் அலமாரிகளின் அடியிலும் ஒட்டுப்பொறிகளை வைத்து, எதில் என்ன அகப்பட்டது என்பதை மாதந்தோறும் எழுதிவந்தால் அடுத்த தாக்குதலை முன்கூட்டியே அறியலாம்.

உதிர்ந்த கால், சிறகு, வயிறு எதையும் அதன் ஊசி எதுவென்று உறுதியாகத் தெரிந்தால் சிறு ஜெலட்டின் கூட்டில் இட்டு அதே ஊசியில் குத்திவையுங்கள். எதனுடையது என்று தெரியாவிட்டால் ஊகித்து ஒட்டவே கூடாது, பெட்டியின் பெயரெழுதிய உறையில் தனியே இருக்கட்டும். பழைய பித்தளை ஊசிகளில் பச்சையாகக் களிம்பு பூத்திருந்தாலும் அவற்றைப் பிடுங்க முயலாதீர்கள், பூச்சி இரண்டாகப் பிளந்துவிடும்.

மறுமொழி: பதிவேட்டாளர்

சீட்டுகளை மாற்றும் திட்டத்தைத் தயவுசெய்து கைவிடுங்கள். புதிய சீட்டு சேர்ப்பதில் தடையில்லை, ஆனால் பழையது எவ்வளவு கிழிந்திருந்தாலும் மாதிரியோடேயே இருக்க வேண்டும். தட்டச்சு செய்யும்போது எழுத்துகளை மட்டும்தான் நீங்கள் நகலெடுக்கிறீர்கள். கையெழுத்து யாருடையது, மையும் தாளும் எக்காலத்தவை, எண் பின்னர் சேர்க்கப்பட்டதா என்பவையெல்லாம் மூலச் சீட்டில் மட்டுமே இருக்கும்.

இது வெறும் பற்றுதலால் சொல்வதன்று. ரிச்சர்ட் மைனர்ட்ஸ்ஹேகன் என்ற பிரித்தானியச் சேகரிப்பாளர், அருங்காட்சியகங்களிலிருந்து திருடிய பறவைத் தோல்களில் தம் சொந்தச் சீட்டைக் கட்டி, இடத்தையும் தேதியையும் பொய்யாக எழுதிவைத்தவர். 1914இல் குஜராத்தில் கிடைத்ததாக அவர் காட்டிய காட்டுச் சிற்றாந்தை ஒன்று, உண்மையில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜேம்ஸ் டேவிட்சன் சேகரித்த தோல் என்பதை, அது பாடம் செய்யப்பட்டிருந்த விதத்தைக் கொண்டே பமீலா ராஸ்முசெனும் நைஜல் காலரும் நிறுவினார்கள். பொய்யான இடத்தைத் தள்ளிவிட்டு மெய்யான மாதிரிகள் கிடைத்த பகுதிகளில் தேடியபோது, ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக உறுதியான சான்று எதுவும் இல்லாதிருந்த அந்தப் பறவை 1997இல் மகாராஷ்டிரத்தில் மீண்டும் கண்டறியப்பட்டது. உள்ளே அடைத்த பஞ்சையும் தைத்த நூலையும் யாரேனும் அழகுக்காக மாற்றியிருந்தால் இந்தத் துப்பு கிடைத்திருக்காது.

எண்களைப் பற்றி. பழைய எண்ணை அழித்துப் புதிய வரிசையைத் தொடங்கினால், எப்போதோ வெளிவந்த ஆய்வுக் கட்டுரை ஒன்றில் உங்கள் துறையின் மாதிரி அந்த எண்ணால் சுட்டப்பட்டிருந்தால் இனி யாராலும் அதைக் கண்டுபிடிக்க முடியாது. புதிய எண் தேவைதான், ஆனால் அது பழையதற்குத் துணையாக வரட்டும். சேகரிப்பைக் குறிக்கும் சிறு முன்னொட்டும் ஓர் எண்ணும் போதும். இனப்பெயரையோ அலமாரி எண்ணையோ அதற்குள் புகுத்தாதீர்கள், பெயரும் இடமும் மாறும், எண் மாறக் கூடாது. கழிக்கப்பட்ட மாதிரியின் எண்ணை வேறொன்றிற்குக் கொடுப்பதும் கூடாது.

எக்செல் தொடக்கத்திற்குப் போதும். ஆனால் தேதியும் பழைய எண்ணும் எழுதும் பத்திகளை முதலிலேயே எழுத்துவகையாக அமைத்துவிடுங்கள். இல்லையென்றால் 5-12 என்ற பழைய எண்ணை அது டிசம்பர் மாதத் தேதியாகவோ மே மாதத் தேதியாகவோ தானாக மாற்றிவைக்கும். 1900க்கு முற்பட்ட தேதியைத் தேதியாகவே ஏற்காது. பத்திகளின் பெயர்களுக்கு டார்வின் கோர் என்ற தரத்தைப் பின்பற்றுங்கள். 2009இல் ஏற்கப்பட்ட அந்தத் தரத்தில்தான் உலகின் அருங்காட்சியகங்கள் ஜிபிஐஎஃப் என்ற பல்லுயிர்த் தரவகத்திற்குத் தம் பதிவுகளை அளிக்கின்றன. பின்னாளில் ஸ்பெசிஃபை போன்ற கட்டற்ற மென்பொருளுக்கு மாறினாலும் வேலை எளிதாகும்.

ஒவ்வொரு விவரத்திற்கும் இரண்டு பத்திகள் வையுங்கள். ஒன்றில் சீட்டில் உள்ளது உள்ளபடி, எழுத்துப்பிழையோடும் சுருக்கத்தோடும். மற்றொன்றில் நீங்கள் அதை எப்படிப் புரிந்துகொண்டீர்கள் என்பது. அடையாளப் பெயர்களிலும் இதே ஒழுக்கம் வேண்டும். முன்பு ஒருவர் இட்ட பெயர் தவறென்று தோன்றினாலும் அதை நீக்காமல், புதிய பெயரை, அதை இட்டவர், ஆண்டு ஆகியவற்றோடு அடுத்த வரியில் சேர்க்க வேண்டும். சீட்டில் ஹோலோடைப், பாராடைப் போன்ற சொற்களோ (ஓர் இனத்தை முதன்முதலில் விவரித்துப் பெயரிட்டபோது பயன்பட்ட மாதிரிகளைக் குறிப்பவை) சிவப்பு ஓரமோ கண்ணில் பட்டால் அந்த மாதிரியைத் தனியே எடுத்துவைத்துவிட்டு, அந்த உயிர்ப்பிரிவை ஆய்பவர்களுக்கு எழுதுங்கள்.

புதிய சீட்டுகளைப் பற்றி ஒரு சொல். குப்பிக்குள் போடுவதற்குப் பருத்தித் தாளும் நிறமி மையும் வேண்டும், பென்சிலும் நிற்கும். பந்துமுனைப் பேனாவின் மை ஆல்கஹாலில் கரையும், லேசர் அச்சின் எழுத்துகள் சில ஆண்டுகளில் தாளிலிருந்து உரிந்து குப்பியின் அடியில் கறுப்புத் துகளாகக் கிடக்கும்.

மறுமொழி: களப்பதிவு

மேலே சொன்னவை யாவும் சரியே, ஆனால் வரிசையில் எனக்கு மாறுபட்ட கருத்து உண்டு. கேள்வி கேட்டவருக்குக் கட்டடம் மாறும் நாள் என்று ஒன்று இருக்கிறது. தனித்தனி மாதிரியாக, இரண்டிரண்டு பத்திகளாகப் பதிவு செய்யத் தொடங்கினால் மூன்றில் ஒரு பங்கு முடிவதற்குள் அந்த நாள் வந்துவிடும், மிச்சமுள்ளவை எந்தப் பதிவும் இல்லாமல் வண்டியேறும்.

முதலில் இழுப்பறை, பெட்டி, அடுக்கு என்ற அளவில் எண் கொடுத்து, ஒவ்வொன்றையும் அளவுகோலோடு மேலிருந்து படமெடுத்து, உள்ளே தோராயமாக எத்தனை, என்ன வகை, நிலை எப்படி என்று ஒரு வரி எழுதுங்கள். பதிவேட்டின் எல்லாப் பக்கங்களையும் முதல் நாளிலேயே படமெடுத்து இரண்டு இடங்களில் சேமித்துவிடுங்கள். 2018 செப்டம்பரில் ரியோ டி ஜெனீரோவின் தேசிய அருங்காட்சியகம் எரிந்தபோது, மாதிரிகளோடு அவற்றைப் பற்றிய பதிவுகள் பலவும் அழிந்தன. இப்போதுள்ள அடுக்கு முறையையும் மாற்றாதீர்கள். ஒரே பயணத்தில் கிடைத்தவை அருகருகே வைக்கப்பட்டிருக்கலாம், இனவாரியாகக் கலைத்துவிட்டால் சீட்டில்லாத மாதிரிக்கு அண்டையிலிருந்து கிடைக்கக்கூடிய சான்றும் போய்விடும்.

மறுமொழி: பதிவேட்டாளர்

களப்பதிவு சொல்லும் வரிசையை ஏற்கிறேன். நான் எழுதியது இடமாற்றத்திற்குப் பின் தொடங்கும் நீண்ட வேலைக்குரியது. ஆனால் சீட்டு கழன்று விழும் நிலையில் உள்ளவற்றுக்கு மட்டும் விலக்கு வேண்டும். அவற்றை வண்டியேற்றும் முன்பே தனித்தனியாகப் பதிவு செய்துவிடுங்கள்.

மறுமொழி: ஆய்வகத்தார்

அனைவருக்கும் நன்றி. சீட்டுகள் இருக்கும் இடத்திலேயே இருக்கும், பாதிக்கப்பட்ட பெட்டி உறைபெட்டிக்குள் போய்விட்டது. இன்னும் மூன்று ஐயங்கள். ஒரு சீட்டில் 2.7.34 என்று மட்டும் இருக்கிறது, இது பிப்ரவரியா ஜூலையா? இன்னொன்றிலுள்ள ஊர்ப்பெயரில் இன்று இரண்டு ஊர்கள் உள்ளன, எதன் அட்சரேகையைக் கொடுப்பது? கழித்துவிடலாம் என்று சொல்லும் மூத்தவருக்கு நான் என்ன விடை சொல்வது?

மறுமொழி: பதிவேட்டாளர்

அதே கையெழுத்திலுள்ள மற்றச் சீட்டுகளைத் தேடுங்கள். எங்கேனும் 23.7.34 என்று எழுதியிருந்தால் அவர் நாளை முதலில் எழுதுபவர் என்று தெரிந்துவிடும், ஏனெனில் 23ஆம் மாதம் கிடையாது. அப்படி ஒன்றும் அகப்படாவிட்டால் ஆண்டை மட்டும் பதிவு செய்யுங்கள். அந்த ஆண்டும் 1934தான் என்பதற்குச் சேகரித்தவர் துறையில் இருந்த காலம் போன்ற சான்று வேண்டும். வெற்றிடத்தை நிரப்புவதற்காக ஜனவரி 1 என்று இடுவதை நான் பல பட்டியல்களில் பார்த்திருக்கிறேன். புலம்பெயர் பறவைகளின் வருகைக் காலத்தை ஆராய்பவருக்கு அந்தப் பொய்த் தேதி எவ்வளவு தொல்லை தரும் என்று எண்ணிப்பாருங்கள்.

இடத்திற்கு ஒரு புள்ளியை மட்டும் கொடுக்காமல், அதைச் சுற்றி எத்தனை மீட்டருக்குள் உண்மையான இடம் இருக்கும் என்ற ஆரத்தையும் சேர்த்துக் கொடுப்பதே இப்போதைய முறை. இரண்டு ஊர்களும் சில கிலோமீட்டர் தொலைவில் இருந்தால் இரண்டையும் உள்ளடக்கும் ஒரே வட்டம் போதும். வெவ்வேறு ஆற்றுப் படுகைகளில் இருந்தால் அட்சரேகைப் பத்தியை வெறுமையாக விட்டுவிட்டு, காரணத்தைக் குறிப்பில் எழுதுங்கள். அரிய, வேட்டையாடப்படும் இனங்களின் துல்லியமான இடத்தைப் பொதுவெளியில் மட்டும் மழுங்கடித்துக் காட்டலாம், உங்கள் மூலப் பதிவில் முழுமையாகவே இருக்கட்டும்.

மறுமொழி: குப்பிக்காவலர்

மூத்தவரிடம் குவாகாவைப் பற்றிச் சொல்லுங்கள். வரிக்குதிரை இனத்தைச் சேர்ந்த அந்த விலங்கு பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அற்றுப்போய்விட்டது. ஜெர்மனியின் மைன்ஸ் நகர அருங்காட்சியகத்திலிருந்த அதன் தோலில் ஒட்டிக் காய்ந்திருந்த தசைத் துணுக்கிலிருந்து 1984இல் டிஎன்ஏ பிரித்தெடுக்கப்பட்டது. அற்றுப்போன ஓர் உயிரினத்தின் மரபுத் தொடர் படிக்கப்பட்டது அதுவே முதன்முறை. தோலை ஒழுங்காகச் சுரண்டி எடுத்திருந்தால் அந்தத் துணுக்கு இருந்திருக்காது. பிரிட்டனில் டெரெக் ராட்கிளிஃப் 1967இல் இரைகொல்லிப் பறவைகளின் முட்டையோடுகள் மெலிந்துவந்ததைக் காட்டியதும் பழைய முட்டைச் சேகரிப்புகளை எடையிட்டுத்தான். டிடிடி என்ற பூச்சிக்கொல்லி பயன்பாட்டுக்கு வந்த காலத்தோடு அந்த மெலிவு பொருந்திப்போனது தெரிந்ததென்றால், ஒவ்வொரு முட்டையோடும் அது எடுக்கப்பட்ட ஆண்டு எழுதப்பட்டிருந்ததே காரணம்.

ஆகவே பெயர் தெரியாமை கழிப்பதற்குக் காரணமாகாது. இடமும் தேதியும் இருந்தால் பெயரைப் பிறகு யாரேனும் இடுவார்கள். சீட்டோ எண்ணோ பதிவேட்டு வரியோ ஒன்றுமே இல்லாமல், உருவமும் சிதைந்துவிட்டவற்றை மட்டும் கழிப்பது பற்றிப் பேசலாம். விவரம் எதுவும் இல்லாவிட்டாலும் நல்ல நிலையில் உள்ளவை வகுப்பறைக்கு உதவும், ஆர்சனிக் ஐயமுள்ள தோல்களை மட்டும் மாணவர் கையில் கொடுக்காதீர்கள். எதைக் கழித்தாலும் படம், காரணம், முடிவெடுத்தவர்கள் யார் என்பது பதிவாக வேண்டும்.

இடமாற்றத்தின்போது குப்பிகளை நிமிர்த்தியபடி, கசிந்தால் தாங்கும் பிளாஸ்டிக் தொட்டிகளுக்குள் இடைவெளியை நிரப்பி அடுக்குங்கள். 70 சதவீத எத்தனாலின் ஆவி சாதாரண அறை வெப்பத்திலேயே தீப்பற்றக்கூடியது என்பதால், புதிய அறையைத் தேர்ந்தெடுக்கும் முன்பே கட்டடத்தின் தீத்தடுப்புப் பொறுப்பாளரிடம் மொத்தம் எத்தனை லிட்டர் என்று எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். அந்த அறையின் கூரை வழியாகத் தண்ணீர்க் குழாய் எதுவும் செல்கிறதா என்பதையும் நேரில் போய்ப் பார்த்துவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள்.